எடை குறைந்த விசைத்துகளுக்கு எல்லைக்கோடு வரைவது எப்படி: கோஹெரன்ட் தரவை வைத்து ஒரு முழுக் கணக்கு

மின்காந்த விசையை ஃபோட்டான் சுமக்கிறது. மென்விசையை டபிள்யூ, இசட் துகள்கள் சுமக்கின்றன. இவை போக இன்னொரு விசைத்துகள் இருக்கிறது என்று வையுங்கள். அதன் நிறை சில எம்இவி-தான் (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்; இங்கே நிறை, ஆற்றல், உந்தம் மூன்றுக்கும் இதே அலகு), பிணைப்போ, அதாவது மற்றத் துகள்களை அது தொடும் வலிமையோ, லட்சத்தில் சில பங்குதான். மின்னூட்டம் உள்ள துகள்களிடம் அதைத் தேடப் போனால் மின்காந்த விசையின் இரைச்சலில் அது மூழ்கிவிடும். மின்னூட்டமே இல்லாத நியூட்ரினோ என்ற துகளிடம் அந்த இரைச்சல் கிடையாது. அதற்குத் தெரிந்தது மென்விசை மட்டும்தான். அதனால் மிகச் சிறிய விசை ஒன்று கூடுதலாகச் சேர்ந்தாலும் எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் கோஹெரன்ட் குழு 2017-இல் வெளியிட்ட சீசியம் அயோடைடு முடிவை வைத்து, இப்படிப்பட்ட துகளுக்கு நிறை–பிணைப்புத் தளத்தில் விலக்கல் கோடு (தரவு அனுமதிக்காத பகுதியின் எல்லை) வரையும் முறை இங்கே படிப்படியாக இருக்கிறது. 2021-இல் அதே படிகத்தின் முழுத் தரவும் வந்துவிட்டது (306 ± 20 நிகழ்வுகள்). ஆனாலும் பழையதில் தொடங்குவதே நல்லது. அதில் ஒவ்வொரு எண்ணையும் கையால் சரிபார்க்க முடியும். நிரல் அதில் தேறிய பிறகு புதுத் தரவை உள்ளே வையுங்கள். பைத்தான், நம்பை, சைபை, ஒரு சாதாரண மடிக்கணினி, இவை போதும்.

எந்த உந்தத்தில் வேலை நடக்கிறது?

நிரல் எழுதும் முன் ஒரு தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். நியூட்ரினோ முழு அணுக்கருவையும் ஒன்றாகத் தட்டுகிறது. கரு மெல்லப் பின்னுதைகிறது. பரிமாறப்படும் உந்தம்:

உந்தம்² = 2 × கருநிறை × பின்னுதைப்பு ஆற்றல்

சீசியம், அயோடின் இரண்டுக்கும் கருநிறை ஏறக்குறைய 1.2 லட்சம் எம்இவி. பின்னுதைப்பு 10 கேஇவி (0.01 எம்இவி) என்றால் உந்தம் 49 எம்இவி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் கடைசியில் வரும் படம் முழுக்கப் புரியும். ஏனென்றால் புதுத் துகளின் பங்கு எப்போதும் இந்த வடிவில்தான் வரும்:

பிணைப்பு² ÷ (உந்தம்² + நிறை²)

நிறை 50 எம்இவி-ஐவிட மிகக் குறைவாக இருந்தால் பகுதியில் உந்தமே ஆளும், நிறைக்கு அங்கே குரல் இல்லை. அதனால் விலக்கல் கோடு கிடையாகப் போகும். நிறை மிக அதிகமானால் பிணைப்பு ÷ நிறை என்ற விகிதம் மட்டுமே தெரியும். மடக்கை அச்சுகளில் கோடு 45 பாகையில் ஏறும். வளைவு 50 எம்இவி-ஐ ஒட்டி விழ வேண்டும். வேறெங்காவது விழுந்தால் நிரலில் அலகுப் பிழை இருக்கிறது. பெரும்பாலும் எம்இவி-யும் ஜிஇவி-யும் (1,000 எம்இவி) கலந்துபோயிருக்கும்.

புதுத் துகள் இல்லாத கணக்கு

இந்தக் கட்டத்தை அவசரமாகத் தாண்டுகிறவர்கள்தான் பின்னால் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். குழுவே கணித்த 173 நிகழ்வுகள் உங்கள் நிரலில் வராதவரை புதுத் துகளைத் தொடாதீர்கள்.

இலக்கு அணுக்கள்: படிகம் 14.6 கிலோ (கணக்குக்கு 14.57). சீசியம் அயோடைடின் மூலக்கூறு நிறை 259.8. ஆக 56.1 மோல், சீசியம் கருக்கள் 3.38 × 10²⁵, அயோடினும் அதே அளவு.

நியூட்ரினோ பாயம் (ஒரு பரப்பைக் கடக்கும் நியூட்ரினோக்களின் எண்ணிக்கை): பாதரச இலக்கில் புரோட்டான் மோதும்போது பிறக்கும் பயான்கள் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் நின்றுபோய் மியூவானாகச் சிதைகின்றன, மியூவானும் பிறகு சிதைகிறது; இரண்டிலும் சேர்த்து மூன்று வகை நியூட்ரினோ பிறக்கிறது. ஒரு புரோட்டானுக்கு ஒவ்வொரு வகையிலும் 0.08 நியூட்ரினோ. மொத்தப் புரோட்டான்கள் 1.76 × 10²³. தூரம் 19.3 மீட்டர். கோளப் பரப்பால் வகுத்தால் வகை ஒன்றுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 3.0 × 10¹⁴. இந்த 0.08 வகை ஒன்றுக்கானது. மூன்று வகைக்கும் சேர்த்தது என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

ஆற்றல் பரவல்: மியூவான் நியூட்ரினோ ஒரே ஆற்றலில், 29.8 எம்இவி-யில் வருகிறது. மற்ற இரண்டும் மியூவான் சிதைவிலிருந்து, 52.8 எம்இவி வரை பரவி வருகின்றன. ஆற்றலை மியூவான் நிறையால் (105.66 எம்இவி) வகுத்து வரும் பின்னத்தை 'பின்னம்' என்று கொண்டால், 0 முதல் ½ வரை:

எலக்ட்ரான் நியூட்ரினோ: 192 × பின்னம்² × (½ − பின்னம்)
எதிர்-மியூவான் நியூட்ரினோ: 64 × பின்னம்² × (¾ − பின்னம்)

இரண்டையும் தொகையிட்டால் சரியாக 1 வர வேண்டும். சராசரி ஆற்றல் முறையே 31.7, 37.0 எம்இவி. இந்த நான்கு எண்களையும் நிரலிலேயே சோதனையாக எழுதி வைத்துவிடுங்கள்.

குறுக்குவெட்டு (மோதல் நடக்கும் வாய்ப்பின் அளவு): பின்னுதைப்பு ஆற்றல் ஓர் அலகுக்கு,

(ஃபெர்மி மாறிலி² × கருநிறை ÷ பை) × ஊட்டம்² × (1 − கருநிறை × பின்னுதைப்பு ÷ (2 × ஆற்றல்²)) × வடிவக்காரணி²

இங்கே ஊட்டம் என்பது கருவின் மென்விசை ஊட்டம்: 0.0229 × புரோட்டான்கள் − 0.5 × நியூட்ரான்கள். சீசியத்துக்கு (55, 78) −37.7, அயோடினுக்கு (53, 74) −35.8. சில கட்டுரைகளில் ஊட்டத்தை இதன் இருமடங்காக வரையறுத்து, முன்னால் உள்ள பகுதியை 4 × பை ஆக்கியிருப்பார்கள். இரண்டும் சரிதான். ஒன்றிலிருந்து ஊட்டத்தையும் மற்றதிலிருந்து முன்காரணியையும் எடுத்தால் விடை நான்கு மடங்கு பிசகும். இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கிற பிழை இதுதான்.

ஃபெர்மி மாறிலி 1.1664 × 10⁻¹¹ எம்இவி⁻². விடை எம்இவி⁻²-இல் வரும்; அதை 3.894 × 10⁻²² ஆல் பெருக்கினால் சதுர சென்டிமீட்டர். வடிவக் காரணியை (கரு ஒரு புள்ளியல்ல, பருமன் உள்ளது என்பதற்கான திருத்தம்) 1 என்று வைத்துவிட்டு, சீசியத்தில் 29.8 எம்இவி மியூவான் நியூட்ரினோவுக்கு மொத்தக் குறுக்குவெட்டைக் கேளுங்கள். 2.1 × 10⁻³⁸ சதுர செ.மீ. வரும். தாளிலேயே இதைப் போடலாம், தொகையீடு 'ஆற்றல்² ÷ கருநிறை' என்று எளிதாக முடிந்துவிடும்.

வடிவக் காரணிக்கு ஹெல்ம் வடிவம் போதும். மேல்தோல் தடிப்பு 0.9 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்), ஆரம் 4.8-ஐ ஒட்டி, நியூட்ரான்களுக்குச் சற்றுக் கூடுதல். 10 கேஇவி-யில் அதன் வர்க்கம் 0.6-க்கு அருகில் இருக்கும். சிறிய திருத்தம்தானே என்று விட்டுவிட முடியாது. கருவியின் திறனைக் கழிக்கும் முன் மொத்த மோதல்கள் 1,100-க்கும் 1,200-க்கும் இடையில் வர வேண்டும்; வடிவக் காரணியை மறந்தால் 1,600 வரும்.

கருவி கேட்பதும் கேட்காததும்

1,150 மோதல் நடந்தும் 173-தான் எண்ணிக்கைக்கு வருகிறது. இந்த இடைவெளியில்தான் எல்லைக்கோட்டின் தரம் இருக்கிறது.

கரு பின்னுதையும்போது அந்த ஆற்றலில் சிறு பங்குதான் ஒளியாகிறது. 2017 கணக்கில் அந்தப் பங்கு 8.78 விழுக்காடு, எல்லா ஆற்றலுக்கும் ஒன்றே. எலக்ட்ரான் பின்னுதைத்தால் ஒரு கேஇவி-க்கு 13.35 ஒளிஎலக்ட்ரான் (ஒளியுணரி அந்த ஒளியை எண்ணும் அலகு) கிடைக்கும். கரு பின்னுதைத்தாலோ ஒரு கேஇவி-க்கு 1.17 மட்டுமே. 10 கேஇவி பின்னுதைப்பு வெறும் 12 ஒளிஎலக்ட்ரான்.

அதன் பிறகு ஏற்புத்திறன், அதாவது ஒரு மோதல் எண்ணிக்கையில் சேரும் வாய்ப்பு:

0.6655 ÷ (1 + அடுக்கு(−0.4942 × (ஒளிஎலக்ட்ரான் − 10.8507)))

அடுக்கு(…) என்பது இயல்மடக்கையின் அடிமானத்தை (2.718) அந்த அடுக்குக்கு உயர்த்துவது. 5-க்குக் கீழே சுழி, 5 முதல் 6 வரை பாதி, 6-க்கு மேல் முழு மதிப்பு. பகுப்பாய்வு 6 முதல் 30 வரை. 6 ஒளிஎலக்ட்ரானில் ஏற்பு 5.5 விழுக்காடு, 20-இல் 66 விழுக்காடு. இந்த வளைவைத் தனியே வரைந்து, அதன்மேல் மோதல்களின் பரவலையும் போட்டுப் பாருங்கள். மோதல்கள் குவிந்திருப்பது இடது ஓரத்தில், கருவி நன்றாகப் பார்ப்பது வலது பக்கத்தில். எடை குறைந்த விசைத்துகளின் பங்கு உந்தம் குறையக் குறைய ஏறுவதால், அதன் அடையாளமும் அதே இடது ஓரத்தில்தான் விழுகிறது. ஏற்பு வளைவை ஒரு ஒளிஎலக்ட்ரான் அளவுக்குத் தள்ளி வைத்தால்கூட எல்லை நகரும். அதனால்தான் அந்த மூன்று எண்களையும் நான்கு தசமம் வரை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

இப்போது எண்ணிக்கை 173-இலிருந்து இரண்டு மூன்று விழுக்காட்டுக்குள் வந்தால் நிரல் தேறிவிட்டது. குவாண்டம் சுழல்கள் தரும் சிறு திருத்தங்கள், நியூட்ரான் ஆரம் ஆகியவற்றில் நீங்கள் எடுத்த முடிவுகளால் அவ்வளவு வேறுபாடு வரத்தான் செய்யும். 86 வந்தால் சீசியத்தையோ அயோடினையோ ஒன்றை விட்டுவிட்டீர்கள். 58 வந்தால் பாயத்தை மூன்றால் வகுத்துவிட்டீர்கள். 690 வந்தால் மேலே சொன்ன நான்கு மடங்குப் பிழை.

புதுத் துகளைச் சேர்த்தல்

திசையன் வகை விசைத்துகளுக்குச் செய்ய வேண்டியது ஒரே வரிதான். ஊட்டத்தோடு ஒரு உறுப்பைக் கூட்டுங்கள்:

புதிய ஊட்டம் = பழைய ஊட்டம் + (கூட்டெண் × பிணைப்பு²) ÷ (√2 × ஃபெர்மி மாறிலி × (உந்தம்² + நிறை²))

கூட்டெண் எந்த மாதிரி என்பதைப் பொறுத்தது. எல்லாக் குவார்க்குகளும் எல்லா நியூட்ரினோக்களும் ஒரே ஊட்டம் பெறும் 'பொது' மாதிரியில் அது +3 × நிறையெண் (புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த எண்). பேரியான் (புரோட்டான், நியூட்ரான் போன்றவை) எண்ணிலிருந்து லெப்டான் (எலக்ட்ரான், நியூட்ரினோ போன்றவை) எண்ணைக் கழிக்கும் பி−எல் மாதிரியில் −1 × நிறையெண்.

குறியைக் கவனியுங்கள். பழைய ஊட்டம் எதிர்க்குறி உடையது. பி−எல்-இன் உறுப்பும் எதிர்க்குறி. இரண்டும் சேர்ந்து எண்ணிக்கையைக் கூட்டும். பொது மாதிரியில் புதிய உறுப்பு நேர்க்குறி. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். காரணம் எளிது. ஒத்த ஊட்டங்கள் விலக்கும், வேறுபட்டவை ஈர்க்கும். நியூட்ரினோ நியூட்ரானை இசட் துகள் வழியாக ஈர்க்கிறது. பி−எல்-இல் லெப்டானும் பேரியானும் எதிர்க்குறி பெறுவதால் அதுவும் ஈர்ப்பு. எதிர்நியூட்ரினோவுக்கு இந்தக் குறுக்கீட்டுக் குறி மாறுமா என்று பலர் குழம்புகிறார்கள். மாறாது. பழைய உறுப்பு, புதிய உறுப்பு இரண்டும் சேர்ந்தே குறி மாறும். வர்க்கத்தில் வித்தியாசம் வராது.

பொது மாதிரியில் இந்த அழிப்பைக் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. சீசியத்தில் கூட்டெண் 399. நிறை மிகக் குறைவு, உந்தம் 50 எம்இவி என்று வைத்தால், பகுதி 1.65 × 10⁻¹¹ × 2,500, அதாவது 4.1 × 10⁻⁸. பிணைப்பு 6.2 × 10⁻⁵ ஆகும்போது புதிய உறுப்பு சரியாக +37.7; ஊட்டம் சுழியாகிறது, அந்த உந்தத்தில் கரு நியூட்ரினோவுக்குத் தெரியாமல் போகிறது. பிணைப்பை இன்னும் ஏற்றி 8.8 × 10⁻⁵ ஆக்கினால் ஊட்டம் +37.7, வர்க்கம் பழையபடியே. அதாவது பெரிய பிணைப்பு ஒன்று, ஒன்றுமே இல்லாதது போன்ற தோற்றத்தைத் தருகிறது. படத்தில் விலக்கப்பட்ட பகுதிக்கு நடுவே ஒரு மெல்லிய கீற்று அனுமதிக்கப்பட்டதாக நிற்பது இதனால்தான். அதிக நிறைப் பக்கம் இந்தக் கீற்று 1 ஜிஇவி-யில் 1.8 × 10⁻³-ஐ ஒட்டிப் போக வேண்டும்.

கீற்று வரவில்லையா? இயற்பியலைக் குறை சொல்லும் முன் கட்டத்தின் இடைவெளியைப் பாருங்கள். ஐந்து தசம அடுக்குகளுக்கு 150 புள்ளி வைத்தால் ஒரு படி 8 விழுக்காடு. கீற்றும் மெல்லியது, அதனால் அதில் ஓரிரு புள்ளிதான் விழும், கண்ணில் படாமல் போகலாம். 400 புள்ளியாவது வையுங்கள். அவ்வளவு புள்ளிக்கு நேரம் பிடிக்கும் என்ற கவலை வேண்டாம். எண்ணிக்கை, பிணைப்பின் வர்க்கத்தில் ஓர் இருபடிக் கோவை:

எண்ணிக்கை = 173 + முதற்கெழு × பிணைப்பு² + இரண்டாம்கெழு × பிணைப்பு⁴

ஒவ்வொரு நிறைக்கும் இந்த இரண்டு கெழுக்களை ஒரே முறை தொகையிட்டு வைத்துக்கொண்டால், பிணைப்பு அச்சில் எத்தனை ஆயிரம் புள்ளி வைத்தாலும் வெறும் பெருக்கல்தான். இரவு முழுக்க ஓட வேண்டியது நிமிடங்களில் முடியும்.

மியூவான் லெப்டான் எண்ணிலிருந்து டௌ (மியூவானைவிடக் கனமான லெப்டான்) எண்ணைக் கழிக்கும் மியூ−டௌ மாதிரி தனிக்கதை. அங்கே விசைத்துகளுக்குக் குவார்க்கோடு நேரடித் தொடர்பு இல்லை. மியூவான், டௌ சுழல்கள் வழியாக ஃபோட்டானோடு கொஞ்சம் கலப்பதால் மட்டுமே கருவைத் தொடுகிறது. கலப்பு ஏறக்குறைய பிணைப்பில் 70-இல் ஒரு பங்கு. ஃபோட்டான் வழி என்பதால் புரோட்டான் மட்டுமே எண்ணிக்கைக்கு வரும், நிறையெண் அல்ல. மியூவான் வகை நியூட்ரினோக்கள் மட்டுமே உணரும், எலக்ட்ரான் வகை உணராது. எல்லை பி−எல்-ஐவிட இருபது மடங்குக்கும் மேல் பலவீனமாக வரும். அது பிழை இல்லை.

சுழிச் சுழற்சி உள்ள அளவெண் துகள் என்றால் கூட்டுவது ஊட்டத்தில் அல்ல, குறுக்குவெட்டில். நியூட்ரினோவின் கைத்தன்மையை அது புரட்டிவிடுவதால் குறுக்கீடே கிடையாது. சேர்க்க வேண்டிய உறுப்பு: (கருநிறை² ÷ (4 × பை)) × பின்னுதைப்பு ÷ ஆற்றல்² × (நியூட்ரினோ பிணைப்பு × கருப் பிணைப்பு)² ÷ (உந்தம்² + நிறை²)² × வடிவக்காரணி². அழிப்பு இல்லை, கீற்றும் இல்லை. அளவெண் துகளில் கீற்று தெரிந்தால் ஊட்டத்துக்குள் கூட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

எல்லையை எடுப்பது

2017-இன் ஒற்றைப் பெட்டிக் கணக்குக்கு வேண்டிய எண்கள்: அளந்தது 142; உடனடி நியூட்ரான் பின்னணி (புரோட்டான் துடிப்போடு வரும் நியூட்ரான்கள்) 6; நிலைப் பின்னணி (துடிப்போடு தொடர்பின்றி எப்போதும் இருப்பது) 405. புள்ளியியல் பிழையின் வர்க்கம் 142 + 2 × 405 + 6 = 958. நிலைப் பின்னணி கழிக்கப்பட்டது என்பதால் இரண்டு முறை வருகிறது. அந்த 2-ஐ மறந்தால் எல்லை பொய்யாகக் கூர்மையாகிவிடும். கணிப்பின் மீது 28 விழுக்காடு, நியூட்ரான் பின்னணி மீது 25 விழுக்காடு நிச்சயமின்மை. இவற்றுக்குத் தனி மாறி வைத்துச் சிறுமம் தேட வேண்டியதில்லை. பிழைகள் நேர்கோட்டு வகை என்பதால் பகுதியிலேயே சேர்த்துவிடலாம். கணிப்பு அளவீட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அளக்கும் எண் இது:

கை-வர்க்கம் = (142 − 6 − எண்ணிக்கை)² ÷ (958 + (0.28 × எண்ணிக்கை)² + 1.5²)

எண்ணிக்கை 173 என்றால் 0.41 வரும். இது உங்கள் அடுத்த சோதனை எண்.

ஒவ்வொரு நிறையிலும் சிறும மதிப்பிலிருந்து 2.71 ஏறும் இடம், ஒரு மாறிக்கு 90 விழுக்காடு எல்லை. நிறை, பிணைப்பு இரண்டையும் ஒருசேர மாற்றினால் 4.61. இரண்டையும் ஒரே படத்தில் கலந்து, யாருடைய எல்லை வலுவானது என்று ஒப்பிடுவது நியாயமாகாது. பி−எல்-க்கு எண்ணிக்கை கூடத்தான் முடியும். 289 வரை அனுமதி கிடைக்கும். அதன்படி குறைந்த நிறையில் பிணைப்பின் எல்லை 5 × 10⁻⁵-க்கும் 8 × 10⁻⁵-க்கும் இடையில், 1 ஜிஇவி-யில் 1.2 × 10⁻³-ஐ ஒட்டி வரும். இவற்றிலிருந்து மூன்று மடங்கு விலகினால் திரும்பிப் போய்த் தேடுங்கள்.

ஒற்றைப் பெட்டி பழகத்தான். பொது மாதிரியின் கீற்று அதில் எல்லா நிறையிலும் தடித்து நிற்கும், ஏனென்றால் மொத்த எண்ணிக்கையை எப்படியும் சமன்செய்துவிட முடியும். ஒளிஎலக்ட்ரான் பெட்டிகளாகப் பிரித்தால் நிலைமை மாறும். எடை குறைந்த துகளின் பங்கு உந்தத்தோடு மாறுவதால் ஒரு பெட்டியில் சமன் ஆனது அடுத்ததில் ஆகாது, கீற்று மெலியும். அதிக நிறையில் உந்தச் சார்பே இல்லை, அங்கே இந்த வழி உதவாது. ஆர்கானைச் சேர்த்தால் கீற்று போய்விடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அதன் ஊட்டம் −10.6, கூட்டெண் 120. கீற்று நகர்வது மூன்றரை விழுக்காடுதான். நியூட்ரான் விகிதம் நன்றாக வேறுபட்ட கரு வேண்டும்.

நேரப் பெட்டிகளும் உண்டு. பயானின் ஆயுள் 26 நானோவினாடி, மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோவினாடி. அதனால் மியூவான் நியூட்ரினோ முதலில் வந்துவிடும். மற்ற இரண்டும் பின்னால் சாவகாசமாக வரும். மியூ−டௌ மாதிரி எலக்ட்ரான் வகையைத் தொடாததால் இந்தப் பிரிப்பு அங்கே நல்ல பலன் தரும்.

எல்லையை ஏமாற்றும் இரண்டு இடங்கள்

ஒன்று, ஒளிப்பங்கு. 28 விழுக்காட்டில் பெரும்பகுதி, 25 விழுக்காடு, அந்த 8.78-இன் நிச்சயமின்மையிலிருந்து வந்தது. பின்னர் வந்த அளவீடுகள் அதை 5 விழுக்காட்டை ஒட்டிக் குறைத்தன; அப்போது மொத்தம் 13-ஐ ஒட்டி இறங்கும், பாயத்தின் 10 விழுக்காடுதான் பெரிதாக மிஞ்சும். ஆனால் புதிய ஒளிப்பங்கு ஆற்றலோடு மாறும் வளைவு. நிச்சயமின்மையை மட்டும் புதிதாக எடுத்துக்கொண்டு மைய மதிப்பைப் பழையபடி 8.78-இல் விடுவது, பார்க்க அழகாகவும் உள்ளே தவறாகவும் இருக்கும் எல்லையைத் தரும். எடுத்தால் இரண்டையும் எடுங்கள்.

இரண்டு, எலக்ட்ரான்கள். பி−எல் துகள் எலக்ட்ரானோடும் பிணையும். சீசியம் அயோடைடு படிகத்துக்கு எலக்ட்ரான் பின்னுதைப்பையும் கருப் பின்னுதைப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 6 முதல் 30 ஒளிஎலக்ட்ரான் என்பது எலக்ட்ரானுக்கு 0.45 முதல் 2.25 கேஇவி. 1 கேஇவி-யில் அதன் உந்தம் 32 கேஇவி மட்டுமே. கருவின் வழியில் 50 எம்இவி-க்குக் கீழே கோடு கிடையாகிவிடும் என்றோமே, எலக்ட்ரான் வழியில் அது நிறை சில பத்து கேஇவி ஆகும்வரை இறங்கிக்கொண்டே போகும். மிகக் குறைந்த நிறைகளில் இந்தப் பங்கே எல்லையைத் தீர்மானிக்கும். அதை விட்டால் எல்லை தேவையில்லாமல் பலவீனமாக வரும். சேர்க்கும்போது எல்லா எலக்ட்ரானையும் கட்டற்றதாக எண்ணாதீர்கள். கட்டு ஆற்றல் பின்னுதைப்பைவிட அதிகமான உள்ளடுக்கு எலக்ட்ரான்கள் எண்ணிக்கைக்கு வராது. திரவ ஆர்கான் கருவியில் துடிப்பின் வடிவத்தைப் பார்த்து எலக்ட்ரானைப் பிரித்துவிடலாம் என்பதால் அங்கே இந்தப் பங்கைக் கூட்டக் கூடாது.

படத்தில் பக்கத்தில் என்ன போடுவது?

பி−எல்-க்குச் சூரியனின் 0.862 எம்இவி நியூட்ரினோக்களை எலக்ட்ரான் மோதலில் அளந்த போரெக்சினோ கட்டாயம் வேண்டும்; குறைந்த நிறையில் அது வலுவானது. மியூ−டௌ-க்குச் சிசிஎஃப்ஆர் பரிசோதனையின் மும்முனை நிகழ்வு (கருவருகே நியூட்ரினோ ஒரு மியூவான் இணையைப் பிறப்பிப்பது) வேண்டும். அங்கே அளவு, கணிப்பில் 0.82 ± 0.28 பங்கு. சில எம்இவி-க்குக் கீழே, இளம் பிரபஞ்சத்தில் நியூட்ரினோக்களைச் சூடாக்கியிருக்கும் என்பதால் ஆற்றல் அடர்த்தி எல்லை வரும்; 1987-ஏ சூப்பர்நோவா எல்லையும் உண்டு. அவை அனுமானங்களைச் சார்ந்தவை, புள்ளிக்கோடாகப் போடுங்கள். மியூவானின் காந்தத் திருப்புத்திறன் விலகலை விளக்கும் பட்டையைப் பழைய படங்களிலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். 2025-இல் கோட்பாட்டுக் கணிப்பே நகர்ந்து, அளவீட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போய்விட்டது.

அணு உலைத் தரவுக்கு மாறினால் நிரலில் மாற வேண்டியவை பாயம், கரு, ஒளிப்பங்குக்குப் பதில் அயனியாக்கப் பங்கு, அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தின் லைப்ஸ்டாட் உலையிலிருந்து 20.7 மீட்டரில் வைத்த கோனஸ்-பிளஸ் ஜெர்மேனியம் கருவி 395 ± 106 நிகழ்வுகளைக் கண்டிருக்கிறது. ஜெர்மேனியத்தில் 1 கேஇவி பின்னுதைப்புக்கு உந்தம் 12 எம்இவி-தான். வளைவு இடதுபக்கம் நகரும். உலையிலிருந்து வருவது எலக்ட்ரான் வகை எதிர்நியூட்ரினோ மட்டுமே. அதனால் மியூ−டௌ மாதிரிக்கு அந்தத் தரவு எதுவும் சொல்லாது.

படத்தின் அடியில் எழுத வேண்டியவை: எந்த மாதிரி, குறி என்ன, 2.71-ஆ 4.61-ஆ, எந்த ஒளிப்பங்கு வளைவு, நியூட்ரான் ஆரம் எவ்வளவு, எலக்ட்ரான் பங்கு சேர்த்ததா இல்லையா, புதுத் துகள் இல்லாமல் உங்கள் நிரல் தந்த எண்ணிக்கை எவ்வளவு.